200 என்று வந்த பொய்

இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும். கட்டணம் கட்டும் செயலி ஒன்றின் சர்வர் பக்கத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. “பணம் கட்டியாச்சுன்னு பச்சை டிக் வந்துச்சு, ஆனா பில் அப்படியே நிக்குது” என்று காலையிலிருந்தே புகார்கள். லாக் கோப்பைத் திறந்து, அவற்றில் ஒன்றுக்கு எங்கள் சர்வர் அனுப்பியிருந்த பதிலை வரி வரியாகப் படித்தேன். முதல் வரியில் 200 என்ற எண். வலையின் மொழியில் அதற்கு ‘நீ கேட்டது நடந்தது’ என்று பொருள். அதற்குக் கீழே, பதிலின் உள்ளே, ‘சக்சஸ்: ஃபால்ஸ்’. அதற்கும் கீழே ‘மெசேஜ்: பேங்க் டைம் அவுட்’. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவருக்குள் கருமாதிப் பத்திரிகையை வைத்து அனுப்பியிருந்தோம்.

செயலியை எழுதிய பெண் எண்ணைப் பார்த்தார். 200 என்று இருந்தது. பச்சை டிக்கைக் காட்டினார். அவர் செய்தது முறைதான். எண் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே அதைப் பயன்படுத்தினார். மறுநாள் காலை அவர் தன்னுடைய நிரலை என்னிடம் காட்டியபோதுதான் எங்கள் சர்வர் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பது புரிந்தது. மின்கட்டணப் பகுதியில் பிழை வந்தால் ‘எரர்’ என்ற பெயரில் ஒரு வாக்கியம் வரும். தண்ணீர் வரிப் பகுதியில் அதுவே ‘மெசேஜ்’. சொத்து வரிப் பகுதியில் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். லாகின் காலாவதியானால் ஓரிடத்தில் 401, இன்னோரிடத்தில் 500, மூன்றாவது இடத்தில் 200 என்ற எண்ணோடு லாகின் பக்கமே முழுசாக வந்து விழும். மூன்று பகுதிகளையும் மூன்று பேர் எழுதினோம். மூவரும் நல்ல நிரலர்கள்தான். இத்தனை வேற்றுமைகளையும் சமாளிக்க அந்தப் பெண் எழுதியிருந்த நிரல் திரையில் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ‘இப்படி இருந்தால்’ வரியும் எங்களில் ஒருவருடைய பழக்கத்தைக் கண்டுபிடித்து எழுதியது.

இந்த அத்தியாயம் அந்த நிரலை அழிப்பது எப்படி என்பதைப் பற்றியது.

குழப்பம் வலையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் எழுதிவைத்த, வலையின் மொழியான எச்டிடிபியின் முதல் வடிவம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பின்னாளில் அதற்கு 0.9 என்று எண் கொடுத்தார்கள். கேட்பவர் ஒரே ஒரு வரி அனுப்புவார்: ‘கெட்’ என்ற சொல், அதையடுத்து வேண்டிய பக்கத்தின் முகவரி. பதிலாக எச்டிஎம்எல் வரும், அவ்வளவுதான். எண் கிடையாது, ஹெடர் கிடையாது. கேட்ட பக்கம் இல்லையென்றால் ‘இல்லை’ என்ற செய்தியும் எச்டிஎம்எல் பக்கமாகவே வரும். பிழைப் பதிலையும் சரியான பதிலையும் வாசித்துப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும் என்று அந்த ஆவணமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. திரைக்கு முன்னால் மனிதர் உட்கார்ந்திருந்தவரை அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. இன்று ஏபிஐ வழியாக, அதாவது நிரலோடு நிரல் பேசும் வாசல் வழியாக, கேட்பது இன்னொரு நிரல். அதற்கு வாக்கியத்தின் தொனி புரியாது.

மின்னஞ்சல்காரர்கள் இதை முன்பே தீர்த்துவிட்டிருந்தார்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம், மின்னஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறையை வகுத்தது. அதில் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணில் தொடங்கும். பின்னால் ஒரு வாக்கியம் வரும். எண் இயந்திரத்துக்கு, வாக்கியம் மனிதருக்கு. முதல் இலக்கம் 2 என்றால் முடிந்தது. 4 என்றால் இப்போது முடியவில்லை, பிறகு வா. 5 என்றால் முடியாது, திரும்ப வராதே. நீங்கள் அனுப்பிய கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடி முயல்வதா, உங்களுக்கே திருப்பி அனுப்புவதா என்பதை அனுப்பும் சர்வர் இன்றைக்கும் அந்த ஓர் இலக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 இந்த மூன்று இலக்க முறையை எடுத்துக்கொண்டது. ஆனால் 4க்கும் 5க்கும் பொருள் மாறிவிட்டது. 4 என்றால் கேட்டவர் பக்கத்துப் பிழை, 5 என்றால் சர்வர் பக்கத்துப் பிழை. மின்னஞ்சலின் எண் ‘மறுபடி வரலாமா?’ என்பதற்குப் பதில் சொன்னது. வலையின் எண் ‘யார் தப்பு?’ என்பதற்குப் பதில் சொல்கிறது. என்னைக் கேட்டால் முதல் கேள்விதான் பயனுள்ள கேள்வி. பதிலைப் பெறும் நிரலுக்குத் தேவைப்படுவது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற தகவல். அந்தத் தகவலை வலை பிற்பாடு துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டது. 503 என்ற எண்ணோடு ‘ரிட்ரை ஆஃப்டர்’ என்ற ஹெடரில் இத்தனை வினாடி கழித்து வா என்று சொல்லலாம். அளவுக்கு மீறிக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு என்பதற்கான 429 வந்து சேர்ந்தது 2012 ஏப்ரலில்தான்.

நம் கையிலுள்ள ஏடிஎம் அட்டைக்கும் இப்படி ஒரு எண் மொழி உண்டு. 1987இல் வெளியான ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தில் 51 என்றால் கணக்கில் பணம் போதாது, 55 என்றால் பின் நம்பர் தப்பு, 91 என்றால் அட்டை கொடுத்த வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. மூன்றிலும் பணம் வராது. ஆனால் அடுத்து செய்ய வேண்டியது மூன்றிலும் வேறு வேறு. 51 வந்தவர் வீட்டுக்குப் போகலாம், 55 வந்தவர் நினைவுபடுத்திப் பார்க்கலாம், 91 வந்தவர் கால் மணி நேரம் கழித்து வரலாம். எங்கள் ‘பேங்க் டைம் அவுட்’டும் 91க்குச் சொந்தக்காரன்தான். வலையில் அதற்கான எண் 504. அதைச் சொல்லியிருந்தால் செயலி பச்சை டிக்குக்குப் பதில் ‘வங்கியிடமிருந்து உறுதி வரவில்லை, மறுபடி கட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்’ என்று காட்டியிருக்கும்.

சரி, எண்களைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? எங்கள் மூவருக்கும் அவை தெரியும். தெரிந்தும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் கோட்டைவிட்டோம். நூறு இடங்களில் எழுதப்படும் விதி நூறு விதமாகத்தான் எழுதப்படும். அதை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதற்கான கருவிதான் மிடில்வேர்.

சொல் பழையது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு ஒன்று நடந்தது. அதன் அறிக்கையில், அலெக்சாண்டர் டி’அகப்பெயெஃப் வரைந்து காட்டிய தலைகீழ்ப் பிரமிடில், பயனர் நிரல்களுக்கும் அடித்தள மென்பொருளுக்கும் நடுவே ஒரு அடுக்காக மிடில்வேர் என்ற சொல் இருக்கிறது. வலை நிரலர்கள் இன்று அந்தச் சொல்லைப் புழங்கும் பொருள் அதைவிடக் குறுகலானது. பைத்தான் மொழிக்காக ஃபிலிப் எபி 2003 டிசம்பரில் முன்வைத்த பெப் 333 என்ற வரையறை அதைத் துல்லியமாகச் சொன்னது: வெளியே உள்ள சர்வருக்கு அது செயலியைப் போல நடந்துகொள்ளும்; உள்ளே உள்ள செயலிக்குச் சர்வரைப் போல நடந்துகொள்ளும். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டின் நடுத் தலைமுறைப் பெண் மேலே உள்ளவருக்கு மருமகள், கீழே உள்ளவருக்கு மாமியார். அப்படித்தான் இதுவும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாததால் இத்தகைய அடுக்குகளை எத்தனை வேண்டுமானாலும் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம். ரூபியின் ரேக் 2007இல் இதே வழியில் வந்தது. நோட் நிரலர்களின் எக்ஸ்பிரஸ் 2010இல் வந்து, மிடில்வேர் என்ற சொல்லை வலை நிரலர் எல்லாருக்கும் பழக்கிவிட்டது.

ஒரு கோரிக்கையின் கூடவே நடந்து பார்ப்போம். ‘4471ஆம் பில்லைக் காட்டு’ என்று ஒரு கைபேசி கேட்கிறது. முதல் அடுக்கு அதற்கு ஒரு அடையாள எண் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போடுவதைப் போல, இனி எங்கே போனாலும் அந்த எண் கூடவே போகும். இரண்டாவது அடுக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்வதில்லை. உள்ளே ஏதாவது உடைந்தால் பிடிப்பதற்காக வலை விரித்துக் காத்திருக்கிறது. மூன்றாவது, வேறு தளத்திலிருந்து வரும் உலாவிக் கோரிக்கைகளை அனுமதிக்கலாமா என்று பார்க்கிறது. நான்காவது, கேட்பவர் யார் என்று பார்க்கிறது. ஐந்தாவது, அவர் இந்த நிமிடத்தில் எத்தனை முறை கேட்டுவிட்டார் என்று எண்ணுகிறது. இத்தனையும் கடந்த பிறகுதான் பில்லை எடுத்துத் தரும் நிரல் ஓடுகிறது. ஒவ்வொரு அடுக்கும் ‘நெக்ஸ்ட்’ என்று சொன்னால் கோரிக்கை உள்ளே போகும். சொல்லவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும், அந்த அடுக்கே பதில் கொடுத்துத் திருப்பியனுப்பும். கிடைத்த பில் அதே அடுக்குகள் வழியாகத் தலைகீழ் வரிசையில் வெளியே வருகிறது. இதனால்தான் பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பின் ஆவணங்கள் இதை வெங்காயத்துக்கு ஒப்பிடுகின்றன.

அடுக்குகளின் வரிசை மாறினால் வரும் தொல்லை விசித்திரமானது. மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி வைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உலாவி வேறொரு தளத்துக்குக் கோரிக்கை அனுப்புவதற்கு முன், பல நேரங்களில் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற வகையில் ஒரு முன்விசாரணை அனுப்பும்: இந்த மாதிரிக் கேட்டால் அனுமதிப்பாயா என்று. விதிப்படி அதில் லாகின் டோக்கன் இருக்காது. ஆளைப் பார்க்கும் அடுக்கு முன்னால் நின்றால், டோக்கன் எங்கே என்று 401 கொடுத்து அதை வாசலிலேயே திருப்பியனுப்பிவிடும். உண்மையான கோரிக்கை கிளம்பவே கிளம்பாது. உலாவியின் சிவப்பு வரியில் ‘கோர்ஸ்’, அதாவது வேற்றுத்தள அனுமதி, பிழை என்று மட்டும் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. உள்ளே நிஜமாகவே 500 வெடித்து, அந்தப் பிழைப் பதிலில் அனுமதி ஹெடர் ஒட்டப்படாமல் வெளியேறினாலும் உலாவி அதே கோர்ஸ் வரியைத்தான் காட்டும். டேட்டாபேஸ் படுத்துக் கிடக்க, நிரலர் நாள் முழுக்கக் கோர்ஸ் அமைப்பைத் திருத்திக்கொண்டிருப்பார். இதில் மாட்டிக்கொண்டு கண் கலங்கிய இளம் நிரலர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வரிசையை ஒரு வரி மேலே நகர்த்தியதும் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியையும் பார்த்திருக்கிறேன்.

வலை விரித்துக் காத்திருந்த இரண்டாவது அடுக்குக்கு வருவோம். அதற்கு இரண்டு வேலைகள். முதலாவது, உடைந்ததன் முழு விவரத்தையும் உள் லாகில் எழுதிவைத்துவிட்டு, வெளியே தேவையானதை மட்டும் சொல்வது. நிரல் உடையும்போது அது கக்கும் தடயத்தில் கோப்புகளின் பாதை, டேபிள்களின் பெயர், சில நேரம் எஸ்கியூஎல் வாக்கியமே இருக்கும். அதை அப்படியே வெளியே விட்டால் திருடனுக்கு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தது போல. வெளியே போக வேண்டியது 500 என்ற எண்ணும், முதல் அடுக்கு கொடுத்த அடையாள எண்ணும்தான். பயனர் அந்த அடையாள எண்ணைச் சொன்னால் லாகில் தேடி எடுத்துவிடலாம்.

இரண்டாவது வேலை, எல்லாப் பிழைகளுக்கும் ஒரே உருவம் கொடுப்பது. அந்த உருவத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மார்க் நாட்டிங்ஹாமும் எரிக் வில்டும் எழுதிய ஆர்எஃப்சி 7807, ‘பிராப்ளம் டீடெய்ல்ஸ்’ என்ற பெயரில் 2016 மார்ச்சில் வந்தது. அதைப் புதுப்பித்து 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9457 வந்தது. ஐந்து புலங்கள்தான். எங்கள் பழைய பிழையை அதில் எழுதினால் இப்படி இருக்கும்:

டைப்: இந்த வகைப் பிழைக்கான நிலையான இணைய முகவரி
டைட்டில்: வங்கி பதில் தரவில்லை
ஸ்டேட்டஸ்: 504
டீடெய்ல்: 4471ஆம் பில்லுக்கான கட்டணம் உறுதியாகவில்லை
இன்ஸ்டன்ஸ்: இந்த ஒரு நிகழ்வுக்கான அடையாளம்

இதில் முக்கியமானது முதல் புலம். மனிதர் படிக்கும் வாக்கியத்தை நாளைக்கு மாற்றலாம், தமிழிலும் எழுதலாம். வாங்கும் நிரல் அதை நம்பி இருக்காது. டைப் மாறாது என்பது சர்வர் கொடுக்கும் வாக்கு. ‘பேங்க் டைம் அவுட்’ என்ற எழுத்துகளைத் தேடும்படி அந்தப் பெண் நிரல் எழுதியிருந்தாலும், எங்களில் யாராவது ‘டைம் அவுட்’டை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிய அன்றே எல்லாம் உடைந்திருக்கும்.

இந்த வலையிலும் ஓட்டை இருந்தது. எக்ஸ்பிரஸில் பிழை பிடிக்கும் மிடில்வேரை, நான்கு ஆர்குமென்ட்கள் இருப்பதை வைத்தே அடையாளம் காண்பார்கள். ஆனால் நான்காம் பதிப்பு வரையில், வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கும் அசிங்க்ரனஸ் நிரலுக்குள் பிழை வெடித்தால், அதை நிரலரே பிடித்து ‘நெக்ஸ்ட்’டிடம் ஒப்படைக்க வேண்டும். மறந்தால் பிழை வலைக்கு வந்தே சேராது, கேட்டவருக்கு முறையான பதில் எதுவும் போகாது. 2024இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் இதைத் தானாகவே ஒப்படைக்கத் தொடங்கியது.

எல்லாப் பதில்களையும் ஒரே உறையில் போட்டு, ‘சக்சஸ்’, ‘டேட்டா’, ‘எரர்’ என்று மூன்று பெட்டிகள் வைத்து, எண்ணை எப்போதும் 200 ஆக விட்டுவிடும் பழக்கம் பல அணிகளில் உண்டு. உறை இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண் பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வழியிலுள்ள கேஷ், லோடு பேலன்சர், நள்ளிரவில் எழுப்பிவிடும் கண்காணிப்புக் கருவி எல்லாம் பொதுவாக உறையைப் பிரிக்காமல் எண்ணை மட்டும்தான் பார்க்கின்றன. எங்கள் புகார் நாளன்று கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருந்ததற்கும் அதுதான் காரணம். கிராஃப்க்யூஎல் மட்டும் வேறு கதை. ஒரே கோரிக்கையில் பத்து விஷயம் கேட்டு, எட்டு கிடைத்து இரண்டு கிடைக்காமல் போனால் ஒற்றை எண்ணால் அதைச் சொல்ல முடியாது. அங்கே 200க்குள் பிழைப் பட்டியல் வருவதற்கு நியாயம் இருக்கிறது.

இனி நான்காவது அடுக்கு. எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு முன் வந்தவரே மறுபடி வந்தாலும் புது ஆள்தான். ஆகவே ஒவ்வொரு கோரிக்கையும் தன் அடையாளத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். இன்று பரவலாகக் காணப்படும் டோக்கன் வகை, 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 ஆக வெளியான ஜேடபிள்யூடி. இரண்டு புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டு எழுத்துகள். பெரும்பாலான டோக்கன்கள் ‘இ, ஒய், ஜே’ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். டோக்கனுக்குள் இருக்கும் ஜேசன் வடிவத் தரவின் திறப்பு அடைப்பும் மேற்கோள் குறியும் பேஸ்64 முறையில் அப்படித்தான் மாறும். இதிலிருந்தே தெரியும், அது ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். மூன்றாவது துண்டான கையொப்பம், யாரும் திருத்தவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

அந்தச் சாட்சியை எந்த முறையில் சோதிப்பது என்பதை டோக்கனின் முதல் துண்டே சொல்கிறது என்பதில்தான் ஆபத்து இருந்தது. 2015இல் டிம் மெக்லீன் என்ற ஆய்வாளர், முறை ‘நன்’, அதாவது கையொப்பமே இல்லை, என்று டோக்கனில் எழுதி அனுப்பினால் சில லைப்ரரிகள் அதையும் செல்லுபடியாகும் என்று ஏற்றுக்கொள்வதை வெளிக்கொணர்ந்தார். வந்தவரிடமே ‘உன்னை எப்படிச் சோதிக்கட்டும்?’ என்று கேட்பது அது. எந்த முறை என்பதைச் சர்வர் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும், ஒரே அடுக்கில், ஒரே வரியில்.

ஒரே இடம் என்பதை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிகழ்வு போதும். 2022 செப்டம்பரில் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், முன்னாள் வாடிக்கையாளர்கள் சுமார் 95 லட்சம் பேரின் தகவல்கள் ஏபிஐ ஒன்றின் வழியாக வெளியே போயின. அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு சொல்லும் காரணம் இது: 2018இல் நடந்த ஒரு நிரல் பிழையால் அனுமதிச் சோதனை செயலிழந்தது. 2021இல் நிறுவனத்தின் முதன்மைத் தளத்தில் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதே பிழை இருந்த, பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த இன்னொரு தளத்தில் திருத்தவில்லை. தாக்குதலுக்குப் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை என்றும் அந்த மனு சொல்கிறது. இரண்டு கதவுகளில் ஒன்றைப் பூட்டிவிட்டு வீடு பூட்டியாயிற்று என்று இருந்துவிட்டார்கள்.

அடையாளம் தெரியாதவருக்கு 401, அடையாளம் தெரிந்தும் உரிமை இல்லாதவருக்கு 403. 401இன் ஆங்கிலப் பெயர் ‘அன்ஆத்தரைஸ்டு’, உரிமையற்றவர் என்று இருப்பது ஒரு பழைய பெயர்க்கோளாறு. 401 சொல்வது ‘நீ யார் என்று தெரியவில்லை, லாகின் செய்து வா’ என்பதை. 403 சொல்வது ‘தெரியும், ஆனாலும் முடியாது’ என்பதை. செயலி 401 கண்டால் லாகின் திரையைக் காட்டலாம். 403 கண்டால் காட்டக் கூடாது, காட்டினால் பயனர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்.

மிடில்வேரால் முடியாதது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கேட்பவர் யார் என்று அதற்குத் தெரியும். 4471ஆம் பில் அவருடையதா என்று தெரியாது. பில் இன்னும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. டோக்கன் சரியாக இருக்கும் ஒருவர் 4471ஐ 4472 என்று மாற்றிக் கேட்டால் ஐந்து அடுக்குகளும் வழிவிடும். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில், 2019இலும் 2023இலும் முதலிடத்தில் இருந்தது இந்த ஓட்டைதான். இதற்கு மருந்து உள்ளே, பில்லைத் தேடும் அதே வாக்கியத்தில் இருக்கிறது: எண் 4472 ஆக இருக்க வேண்டும், உரிமையாளர் கேட்பவராக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பில் கிடைக்காது.

அப்போது எந்த எண்ணை அனுப்புவது? 403 அனுப்பினால், அப்படியொரு பில் இருக்கிறது என்பதையாவது சொல்லிவிடுகிறோம். கிட்ஹப், மற்றவர்களுடைய தனிப்பட்ட களஞ்சியங்களைக் கேட்பவர்களுக்கு 404 அனுப்புகிறது. 200 பொய் சொல்லக் கூடாது என்று இத்தனை பக்கம் எழுதியவன் இந்த 404ஐ எப்படி ஏற்பது என்று நானும் கொஞ்ச காலம் தடுமாறினேன். பிறகு எச்டிடிபியின் 2022ஆம் ஆண்டு வரையறையான ஆர்எஃப்சி 9110ஐத் திறந்து 404க்கு நேரே உள்ள பொருளைப் படித்தேன். கேட்டது கிடைக்கவில்லை, அல்லது அப்படி ஒன்று இருப்பதை வெளியே சொல்லச் சர்வருக்கு விருப்பமில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த எண். எங்கள் சர்வரிலும் அன்றிலிருந்து 4472ஐக் கேட்பவருக்கு 404 போகிறது.